ஃப்யூஷனுக்கு இடுப்பு எலும்பா, பிஎம்பியா?

நழுவல்52:
எனக்கு வயது 52. கீழ் முதுகில் எல்4 எலும்பு, அடுத்துள்ள எல்5க்கு மேல் முன்னோக்கி நழுவியிருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு காலும் மரத்துப் போகும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஒரு டாக்டர் ஃப்யூஷனுக்கு, அதாவது இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்க்கும் அறுவைக்கு, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பேன் என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் பழைய முறை, எலும்பை வளரத் தூண்டும் பிஎம்பி என்ற புரதத்தை வைத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

சொந்தஎலும்பு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எலும்பை உண்டாக்கும் உயிரணு, அதைத் தூண்டும் புரதம், புது எலும்பு படர்ந்து ஏற ஒரு பந்தல். மூன்றும் சேர்ந்தே கிடைப்பது சொந்த எலும்பில்தான். எலும்புக்குப் பதிலாக வைக்கும் செராமிக் வெறும் பந்தல். பதப்படுத்திய கொடை எலும்பும் ஏறக்குறைய அப்படித்தான். எனக்கு இடுப்பிலிருந்து எடுத்து வைத்து ஏழு வருடம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை.

பெல்ட்போடாதவன்:
எனக்கும் இடுப்பிலிருந்துதான் எடுத்தார்கள். முதுகுத் தையலை ஒரு மாதத்தில் மறந்துவிட்டேன். எலும்பு எடுத்த இடம் மட்டும் இன்னும் மறக்க விடவில்லை, பெல்ட் பட்டாலே சுருக்கென்று குத்தும். சுண்ணம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு முளைக்கும் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் யூரிஸ்ட் 1965லேயே காட்டிவிட்டார். அந்த வேலையைச் செய்யும் புரதம்தான் பிஎம்பி. 2002ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அப்புறம் எதற்கு இன்னொரு இடத்தைக் கீற வேண்டும்?

சொந்தஎலும்பு:
எதற்கு அனுமதி என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. வயிற்றுப் பக்கமாகப் போய், எலும்புகளுக்கு நடுவே பொருத்தும் கேஜ் என்ற கூண்டுக்குள் வைத்துச் செய்யும் கீழ் முதுகு ஃப்யூஷனுக்கு. அதைக் கழுத்தில் வைத்ததில் தொண்டை வீங்கிச் சிலருக்கு மூச்சே திணறியது, 2008ல் அமெரிக்க அரசின் எச்சரிக்கை வந்தது. ஆரம்ப ஆய்வுகள் பக்க விளைவுகளைக் குறைத்துக் காட்டின என்று 2011ல் முதுகெலும்பு மருத்துவ இதழ் ஒன்றே போட்டு உடைத்தது. 2013ல் யேல் பல்கலைக்கழக ஏற்பாட்டில் இரண்டு குழுக்கள் மூலத் தரவை எடுத்துத் தனித்தனியே அலசின. நோயாளியின் வலியில் இடுப்பு எலும்பைவிடப் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று. எந்தப் பக்கம் எடுத்தது என்று தெரியாத ஒருவர் இரண்டு பக்கமும் அழுத்திச் சோதித்த ஆய்வு உண்டு. எலும்பு எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லையாம்.

பெல்ட்போடாதவன்:
எந்தப் பக்கம் என்று என் பெல்ட்டுக்கு நன்றாகவே தெரியும் சார். பிஎம்பி வைத்தால் எலும்பு சேர்வதில் குறை வைக்காது என்பதும் அதே அலசலில்தான் இருக்கிறது, அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

பச்சைத்துணி:
அறுவை அரங்கில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். நீங்கள் இருவரும் பேசாத எலும்பு ஒன்று இருக்கிறது. நரம்பு அழுத்தத்தை விடுவிக்க முதுகெலும்பின் பின்பக்க ஓட்டை வெட்டி எடுப்பார்கள் இல்லையா, அதுவும் நோயாளியின் சொந்த எலும்புதான். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிவிட்டுப் பொடியாக நறுக்குவோம். கிண்ணத்தில் ஈர மணல் மாதிரி சிவப்பாகக் கிடக்கும். ஒரு லெவல், அதாவது அடுத்தடுத்த இரண்டு எலும்பை மட்டும் சேர்க்கும் ஃப்யூஷனுக்குப் பெரும்பாலும் அதுவே போதும், இடுப்புப் பக்கமே போக வேண்டாம்.

அதைவிடப் பெரிய கேள்வி, இவருக்கு ஃப்யூஷன் வேண்டுமா என்பது. 2016ல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வு வந்தன. நரம்பை விடுவிப்பதோடு நிறுத்தினாலும் பலன் அதேதான் என்றது சுவீடன், ஃப்யூஷனும் செய்தால் கொஞ்சம் கூடுதல் பலன் என்றது அமெரிக்கா. 2021ல் நார்வே ஆய்வு, இப்படி நழுவியவர்களிடமே, விடுவிப்பது மட்டும் செய்தாலும் பலன் மட்டம் இல்லை என்றது. எலும்பு ஆடுகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சொந்தஎலும்பு:
ஆடினால் ஃப்யூஷன் வேண்டாமா?

பச்சைத்துணி:
வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? ஆடுகிறதா என்று பார்த்தார்களா என்றுதான் கேட்கிறேன். நழுவல்52, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்தார்களா? சிகரெட் பழக்கம் உண்டா? நிக்கோடின் இருந்தால் எந்த எலும்பை வைத்தாலும் சேராமல் போகும் வாய்ப்பு கூடும்.

நழுவல்52:
படுக்க வைத்து எடுத்த எம்ஆர்ஐ மட்டும்தான் இருக்கிறது. சிகரெட் நாளைக்கு எட்டு. இரண்டு டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.