நேரலை விவாதத்தில் நெறியாளர் குறுக்கிட்டுத் திருத்துவது முறையா?

கொலம்பஸ்வாசி கேட்டது:
2024 செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் நடந்த டிரம்ப்–ஹாரிஸ் விவாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. ஓஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னதும், ஏபிசி நெறியாளர் டேவிட் மியூர், நகர மேலாளரிடம் விசாரித்ததில் நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று தெரியவந்ததாக அங்கேயே சொன்னார். நெறியாளர் இருவரும் ஹாரிஸுமாக மூன்று பேர் சேர்ந்து ஒருவரை மடக்கினார்கள் என்கிறார் என் மைத்துனர். பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்கு நெறியாளர் எதற்கு என்கிறார் என் மனைவி. ஜூன் 27 அன்று பைடனும் டிரம்பும் மோதிய சிஎன்என் விவாதத்தில் நெறியாளர்கள் எதையும் திருத்தவில்லை. இவற்றில் எது சரியான முறை?

முன்னாள் ஆசிரியை:
உங்கள் மனைவியின் பக்கமே நான் நிற்பேன். ஆனால் எல்லாத் திருத்தங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பிறந்த குழந்தையைக் கொல்வதை எந்த மாநிலச் சட்டமும் அனுமதிக்கவில்லை என்று மற்றொரு ஏபிசி நெறியாளர் லின்சி டேவிஸ் டிரம்பைத் திருத்திச் சொன்னது ஒரே வாக்கியத்தில் முடியக்கூடியது, அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. குற்ற விகிதம் அப்படிப்பட்டதன்று. எஃப்பிஐ கணக்குப்படி வன்குற்றங்கள் குறைந்து வருகின்றன என்று மியூர் சொன்னபோது, மோசமான நகரங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்றார் டிரம்ப். 2021-இல் எஃப்பிஐ புதிய பதிவு முறைக்கு மாறியதால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகரக் காவல் துறைகளின் விவரங்கள் அந்த ஆண்டு விடுபட்டது உண்மை. அடுத்த ஆண்டே பழைய முறையிலும் விவரங்களைப் பெற்றுக்கொண்டு அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தார்கள் என்பதும் உண்மை. இவ்வளவையும் மேடையில் அரை நிமிடத்தில் விளக்க முடியாது. மறுநாள் ஆற அமரப் படிக்க வேண்டிய செய்தி அது.

நியூஜெர்சி நண்பர்:
மைத்துனரின் மனக்குறையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு மிக மோசமான வேலையின்மையை டிரம்ப் விட்டுச்சென்றார் என்று அதே மேடையில் ஹாரிஸ் சொன்னதை யாரும் இடைமறிக்கவில்லை. 2020 ஏப்ரலில் வேலையின்மை 14.8 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் டிரம்பின் முதல் பதவிக்காலம் முடிந்த 2021 ஜனவரியில் அது 6.4 சதவீதமாக இறங்கியிருந்தது. போர்க்களம் எதிலும் அமெரிக்க வீரர் ஒருவர்கூட இல்லை என்றும் ஹாரிஸ் சொன்னார். ஈராக்கிலும் சிரியாவிலும் அப்போது அமெரிக்கப் படைகள் இருந்தன. சரிபார்ப்பு நிறுவனங்கள் இவற்றையும் சுட்டிக்காட்டி எழுதின. ஆனால் நேரலையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் திருத்தம் விழுவதைக் கண்ணால் பார்த்தவரிடம் மறுநாள் கட்டுரையைக் காட்டினால் மனம் ஆறுமா? டிரம்ப் பக்கத்துப் பொய்கள் எண்ணிக்கையிலும் கனத்திலும் கூடுதல் என்பதே என் கருத்தும்; ஆனாலும் ஹாரிஸ் சொன்ன அவ்விரண்டையும் அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

கொலம்பஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. வேலையின்மை பற்றிய செய்தி எனக்குப் புதிது. மைத்துனரிடம் நிச்சயம் சொல்வேன். ஸ்பிரிங்ஃபீல்டு விஷயத்தில் மட்டும் அவர் அசைவதாக இல்லை. நகர மேலாளரே சேனலுக்கு வேண்டியவராக இருக்கலாம் என்கிறார்.

டேட்டன் மருமகள்:
ஸ்பிரிங்ஃபீல்டு எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் என்பதால் சொல்கிறேன். விவாதத்துக்குப் பின் அங்கே குறைந்தது 33 வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன என்று ஆளுநர் மைக் டிவைன் அறிவித்தார். அத்தனையும் வெற்று மிரட்டல்கள்தாம். ஆனாலும் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியிருந்தது, பிறகு மாநிலக் காவலர்கள் பள்ளிகளுக்குச் சென்று சோதனை செய்தார்கள். ஊர் மக்களைக் குறிவைக்கும் பேச்சை அந்த நொடியே மறுக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது. அக்டோபர் 1 அன்று நடந்த துணை அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில், அவ்வூரில் குடியேறிய ஹைட்டியர்களில் பலர் சட்டப்படி தங்கியிருப்பவர்கள் என்று சிபிஎஸ் நெறியாளர் மார்கரெட் பிரென்னன் சொன்னதற்கே, சரிபார்ப்பு கிடையாது என்பதுதானே விதி என்று டிரம்பின் துணை அதிபர் வேட்பாளர் வான்ஸ் ஆட்சேபித்தார். வாக்குவாதம் நீளவே மைக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மைத்துனரிடம் சேனலையோ சரிபார்ப்புப் பக்கத்தையோ காட்ட வேண்டாம். டிவைன் குடியரசுக் கட்சிக்காரர், ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பிறந்தவர். தாம் டிரம்ப்–வான்ஸ் ஆதரவாளர் என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று அந்தச் செப்டம்பரிலேயே நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்பிப் பாருங்கள்.