‘குளோஸ்’ படம் பார்த்த அன்று

விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் ‘குளோஸ்’ பார்த்தேன். அது தவறு. 2022 கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரியை இன்னொரு படத்துடன் பகிர்ந்துகொண்ட பெல்ஜியப் படம். ஆஸ்கர் போட்டியின் இறுதிப் பட்டியல் வரை போனது. பாராட்டியவர்களே அதிகம். ஆனால் என் மனதில் ஒட்டிக்கொண்டது எதிர்த்தரப்புதான்: பாதிப் படத்தில் ஒரு சிறுவனைச் சாகவைத்து, மீதிப் பாதியில் நம்மைப் பிழிகிறார் இயக்குநர் லூகாஸ் டோன்ட் என்பது. அழுவதில்லை என்ற வீம்போடு உட்கார்ந்தேன்.

லியோவுக்கும் ரெமிக்கும் 13 வயது. ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள், பூந்தோட்டத்துக்குள் ஓடுகிறார்கள். புதுப் பள்ளியில் ஒரு பெண் ‘நீங்கள் ஜோடியா?’ என்று கேட்கிறாள். அவ்வளவுதான். பிறகு ஒருநாள் புல்தரையில் லியோவின் வயிற்றில் ரெமி தலை சாய்க்க, லியோ நகர்ந்துகொள்கிறான்.

ஒன்பதாம் வகுப்பில் நானும் என் நண்பனிடமிருந்து அப்படி நகர்ந்துகொண்டவன்தான். அவன் மஞ்சள்காமாலையில் இறந்தபோது நாங்கள் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, அன்று மாலையே கிரிக்கெட் ஆடினேன். அவன் அம்மா கேள்விப்பட்டாரோ என்னவோ. இரண்டாம் பாதியில் ஐஸ் ஹாக்கியும் தோட்ட வேலையும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, கதை நகரவில்லை என்று எழுதியவர்களுக்கு நான் வேறு என்ன சொல்வது? வீம்பு அங்கேயே போய்விட்டது.

* * *

மேலே எழுதிய தம்பியின் மனம் புரிகிறது. ஆனாலும் நான் அந்த எதிர்த்தரப்புதான். ரெமியின் பக்கம் எங்கே? ஓபோ என்ற ஊதுகருவி வாசிக்கிறான், பள்ளியில் எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே லியோவோடு சண்டை போடுகிறான், பிறகு இல்லாமல் போகிறான். கேமரா லியோவின் முகத்தை விட்டு அசைவதே இல்லை. ஆண் பிள்ளைகளின் நட்பைப் பற்றி உளவியலாளர் நியோபி வே செய்த ஆய்வு இந்தப் படத்துக்குத் தூண்டுதல். சிறு வயதில் நண்பனைப் பற்றி மனம் திறந்து பேசும் பையன்கள் வளர வளர வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். வாயை மூடிக்கொண்டவனைப் படம் நன்றாகவே காட்டுகிறது. மூடத் தெரியாத பிள்ளையோ, மற்றவனுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போக வந்தவன்போல் ஆகிவிட்டான். ஒரு தாயாக எனக்கு அது பொறுக்கவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். சாவுக்குப் பிறகு இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும் காட்சி. லியோவின் அண்ணன் இனி என்ன செய்யப்போகிறான் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்க, ரெமியின் அப்பா உடைந்துபோகிறார். என்னோடு பார்த்துக்கொண்டிருந்த மகனுக்கு 15 வயது. எழுந்துபோய்த் தட்டைக் கழுவ ஆரம்பித்தான். வீட்டில் அவன் தட்டைக் கழுவி நான் பார்த்ததே இல்லை.

* * *

மூன்றாவதாக எழுதும் நான் விமர்சனமெல்லாம் படித்ததில்லை. எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள். லியோ கை ஒடிந்து மாவுக்கட்டு போடும்போதுதான் அழுகிறான். ‘வலியைச் சாக்காக வைத்து அழவிடுகிறார்கள், பழைய உத்தி’ என்றார் என் தங்கை மகன். உத்தியோ என்னவோ, அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எலும்பைச் சேர்த்து வைக்கும்போதுதான் வலி. அது முடிந்து, பஞ்சு சுற்றி, நனைத்த கட்டைச் சுற்றினால் வலிக்காது; இளஞ்சூடாக இருக்கும். பல ஆண்கள் அந்தச் சூட்டில்தான் அழுவார்கள். ஒரு லாரி ஓட்டுநர். விபத்தில் கூட வந்த கிளீனர் இறந்துவிட்டார். இருவரும் பத்து வருடச் சிநேகிதம். மூன்று நாள் வாயே திறக்கவில்லை. கட்டு இறுகும் நேரத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு, “அவன் லீவு கேட்டான் சிஸ்டர்” என்றார்.