தன்னம்பிக்கையா, தற்சான்றா? லோப் தேற்றத்துக்கு ஒரு சொல்

ஐயா, வணக்கம்.

> எதை நிறுவ முடியும் என்பதையே ஆராயும் நிறுவல் தர்க்கத்தில், ஒரு கணித முறைமை தன்னையே நம்புவதைத் 'தன்னம்பிக்கை' என்றே சொல்லிவிடலாமே? எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் எனக்குத் தயக்கம். தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு நாம் சொல்லும் சொல் அது. அப்புறம், 'நம்பிக்கை' இங்கே இரண்டு வேலை பார்க்கிறது. ப என்பது ஏதோ ஒரு கூற்று என்று வையுங்கள். 'ப உண்மை என்று நம்புகிறேன்' என்பது ஒன்று. 'நான் ப-வை நம்பினால் அது உண்மையாகத்தான் இருக்கும்' என்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் லோப் தேற்றத்தை வாசிக்கவே முடியாது.

தர்க்கவியலாளர் கோடெலின் 1931ஆம் ஆண்டுக் கூற்று 'என்னை நிறுவ முடியாது' என்றது. 'என்னை நிறுவ முடியும்' என்று ஒரு கூற்று சொன்னால் அதை நிறுவ முடியுமா என்று 1952இல் லியான் ஹென்கின் கேட்டார். முடியும் என்று 1955இல் மார்ட்டின் லோப் காட்டினார். அவர் காட்டியது அதற்கும் மேலே: 'ப-வுக்கு நிறுவல் இருந்தால் ப உண்மை' என்பதைப் பெயானோ எண்கணிதம் (இயல் எண்களுக்கான அடிப்படை முறைமை) நிறுவுமானால், ப-வையே அது நிறுவிவிடும். இதுதான் லோப் தேற்றம்.

ப இருக்கும் இடத்தில் 0 = 1 என்று வைத்துப் பாருங்கள். 0 = 1 பொய் என்பதால், '0 = 1க்கு நிறுவல் இருந்தால் 0 = 1' என்பது 'என்னிடம் முரண் இல்லை' என்று சொல்வதற்குச் சமம். அதை நிறுவினால் 0 = 1உம் நிறுவப்பட்டுவிடும். ஆக, முரணற்ற முறைமை தன் முரணின்மையைத் தானே நிறுவ முடியாது. கோடெலின் இரண்டாம் தேற்றம் இரண்டே வரியில் வந்துவிடுகிறது! எனக்கு இது இன்னும் வியப்புதான்.

முதலில் 'தற்றெளிவு' என்று எழுதிப் பார்த்தேன். குறள் 510இல் 'தேரான் தெளிவு' என்பதில் தெளிவு என்றால் ஒருவரை நம்பி ஏற்பது. ஆசையாக இருந்தது, ஆனால் இன்று வாசிப்பவருக்கு விளக்கம், துலக்கம் என்றுதான் படும். விட்டுவிட்டேன்.

மேலே சொன்ன இரண்டாம் பொருளுக்கு என் பரிந்துரை 'தற்சான்று': தன் சொல்லுக்குத் தானே சான்று நிற்பது. வாக்கியத்தில் வைத்தால், 'ப-வுக்குத் தற்சான்று நிறுவும் முறைமை ப-வையும் நிறுவும்.' தர்க்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்லியன் சொல்லும் அடக்கமான சிந்தனையாளர், தாம் நம்பும் கூற்றுக்கு மட்டுமே தற்சான்று தருபவர். இடறாமல் வருகிறது.

படிவங்களில் 'சுயசான்றொப்பம்' இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்பீர்கள். நகலில் 'உண்மை நகல்' என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம் அல்லவா, அந்தப் பொருளே இங்கும். 'நம்பிக்கை'யை முதல் பொருளுக்கே விட்டுவிடலாம்.

நிறுவ முடியும் என்பதைக் காட்டும் பெட்டிக் குறியை (□) 'நிறுவத்தகும்' என்று வாசிக்கலாமா? அதற்கும் உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்.