ஃபார்வர்ட் பாஸ்: 1906 செயின்ட் லூயிஸ் அணிக் கட்டுரைக்குக் கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் 1906 பருவம் பற்றிய கட்டுரை கலைச்சொல்லில் முட்டி நிற்கிறது. எடி கோக்கம்ஸ் பயிற்சியில் அந்த அணி ஆடிய 11 ஆட்டத்திலும் வெற்றி. எடுத்த புள்ளி 407, விட்டது 11. அந்த ஆண்டுதான் விதியில் அனுமதி பெற்ற ஃபார்வர்ட் பாஸ்தான் (பந்தை எதிரணிப் பக்கமாக முன்னால் எறிவது) அவர்களின் ஆயுதம். ‘முன்கடத்தல்’ என்று போட்டால் சுங்கத்துறைச் செய்தி மாதிரி இருக்கிறது. ‘முன்வீச்சு’ போதுமா? ‘இன்கம்ப்ளீட் பாஸ்’ (யாரும் பிடிக்காமல் போன எறிதல்) என்பதற்கு ‘முழுமையுறா வீச்சு’ என்று வைக்கலாமா?

---

> ‘முன்வீச்சு’ போதுமா?

போதாது. வீச்சு என்றதும் நம் வாசகருக்குக் கிரிக்கெட் பந்துவீச்சுதான் நினைவுக்கு வரும். இங்கே முழங்கையை மடக்கி, தோளுக்கு மேலிருந்து எறிகிறார்கள். கோக்கம்ஸ் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: பந்தின் நுனிப்பக்கத் தையல் கயிற்றில் விரல்களைப் பதித்து, பந்து சுழன்றபடி போகும்படி எறிவது. ஈட்டி எறிதலுக்குள்ள வினையே பொருந்தும். ‘முன்னெறி’ என்பது என் பரிந்துரை. ‘கடத்தல்’ வீணாக வேண்டாம். பக்கவாட்டிலும் பின்னாலும் கொடுப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். அது ரக்பியிலிருந்து வந்த பழைய வழக்கம், 1906க்கு முன்பும் தடையில்லை.

‘முழுமையுறா’ எதையுமே சொல்லவில்லை. 1906 விதியில் எறிந்த பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். செப்டம்பர் 5 அன்று விஸ்கான்சின் மாநிலம் வாக்கஷாவில் கரோல் கல்லூரிக்கு எதிராக பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்துக்கு நடந்தது இதுவே. பந்தைத் தோற்றார்கள். அதே ஆட்டத்தில் பிறகு ஜாக் ஷ்னைடருக்கு எறிந்த 20 கஜப் பந்து டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) ஆனது. இன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தவர், முதல் எறிதலில் ஒரு டவுன்தானே (பந்தை முன்னே நகர்த்தக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு) போனது என்று நினைத்துக் கடந்துவிடுவார். அந்த அணி எவ்வளவு துணிந்து ஆடியது என்பது அங்கேயே காணாமல் போகும்.

1906 விதியில் இன்னொரு கெடுபிடியும் இருந்தது. பந்து தொடங்கிய இடத்திலிருந்து பக்கவாட்டில் 5 கஜமாவது தள்ளித்தான் எறிந்த பந்து இரு அணிகளையும் பிரிக்கும் கோட்டினைத் தாண்ட வேண்டும். நேர் நடுவில் எறிய முடியாது. மைதானத்தில் நீளவாக்கிலும் 5 கஜத்துக்கொரு கோடு இழுத்திருந்ததால் நடுவரால் அதைக் கணிக்க முடிந்தது. இதற்குத் தனிச்சொல் தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும்.

---

‘எறி’ சரி. ஆனால் ‘முன்னெறி’யில் புணர்ச்சிச் சிக்கல்: முன் + நெறி என்றாலும் முன்னெறிதான். ‘முன்னெறி தவறியது’ என்று எழுதினால் ஒழுக்கம் தவறியதாகப் படிப்பார்கள். ‘முன்னெறிவு’ என்றால் அந்தத் தொல்லை இல்லை.

‘இன்கம்ப்ளீட்’ என்பதற்கு ஒரே சொல் போதாது என்றே படுகிறது. அன்றைய விதி பார்த்தது பந்து யார் மேலாவது பட்டதா என்பதை; இன்றைய விதி பார்ப்பது பிடித்தார்களா என்பதை. ஆகவே 1906க்குப் ‘படா எறிவு’, பொதுவில் ‘கைசேரா எறிவு’. பிடித்துவிட்டால் ‘கைசேர்ந்த எறிவு’. ‘இழப்பெறிவு’ என்று தண்டனையைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். தண்டனை மாறிக்கொண்டே வந்திருக்கிறது: முதலில் பந்தே போனது, இடையில் சில காலம் 15 கஜத் தண்டம், இன்று டவுன் மட்டும்.

---

இரண்டும் ஏற்புடையவை. அயோவாவை 39–0 என்று வென்ற நவம்பர் ஆட்டத்துக்கான பத்தியில் ‘கைசேர்ந்த எறிவு’ இடறாமல் உட்காருகிறது.

‘டவுன்’ என்பதற்கு ‘முறை’ போட்டுப் பார்த்தேன். 1906இல் மூன்று டவுனுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும் (முந்தைய ஆண்டு வரை 5 கஜம்; நான்காவது டவுன் வந்தது 1912இல்). ‘மூன்று முறை எறிந்தார்’ என்று எழுதினால் மூன்று தடவையா, மூன்று டவுனா என்று தெரியாது. இந்தக் கட்டுரையில் டவுன் டவுனாகவே இருக்கட்டும்.