அம்மாவின் பூச்சு மருந்து: பார்மசியில் வேலை செய்பவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கையில் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்). கிளினிக்கில் மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு கிரீம் கொடுத்தார்கள். முகத்துக்கும் அதையே பூசப் பார்க்கிறார், நான் தடுத்து வைத்திருக்கிறேன். ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற ஆய்வாளர்கள் 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து அளந்தபோது, முன்கையைவிட நெற்றி சுமார் 6 மடங்கு உறிஞ்சியதாம்.

குழப்பம் இதில்தான். மெத்தில்பிரெட்னிசோலோன் அசிபோனேட் என்ற இன்னொரு பூச்சு ஸ்டீராய்டு தோலிலேயே எஸ்டரேஸ் நொதிகளால் உடைந்துதான் வீரியமாகிறது. மொமெட்டாசோன் அப்படியில்லை; உள்ளே போனதைக் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதிதான் முக்கியமாகக் கழிக்கிறது. அம்மாவோ நகப்பூஞ்சைக்கு இட்ராகோனசோல் மாத்திரை சாப்பிடுகிறார், அது அந்த நொதியையே முடக்கும்!

கையில் மெலிதாகப் பூசினாலும் கவலைப்பட வேண்டுமா? முகத்துக்கு எதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்? "ஒன்னும் ஆகாது" மட்டும் வேண்டாம், அதைப் பக்கத்து வீட்டு அத்தை தினமும் சொல்கிறார்.