இறைச்சிக்குப் போத்து (எருமைக் கடா) வளர்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

காற்றாடிக்காடு:
மூன்று வருடமாகியும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் மாமனார் நிலம். கேரளாவில் நல்ல விலை என்று ரெண்டு முர்ரா இனப் போத்துக்குட்டி வாங்கி விட்டேன். ஆடி பிறந்ததும் கணவாய்க் காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்க்க ஆரம்பித்தது. மேற்கே களியக்காவிளையில் மழை கொட்டுகிறது என்பார்கள், இங்கே மண் பறக்கும். ஒரு மதியம் போனால், பெரியவன் கயிற்றை அறுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கிறான். அரையடித் தண்ணீர்தான். முதுகு முழுக்க வெளியே, நாக்கு தொங்குகிறது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. மறுவாரமே ரெண்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அருமனைக்காரி:
எங்கள் பக்கம் தண்ணீருக்குக் குறைவில்லை, ரப்பர் நிழலும் உண்டு. ஆனால் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கிய அன்றைக்கு வெட்டிப்போட்ட இலையை எங்கள் போத்து தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை, மூச்சு வாங்கி அப்படியே சாய்ந்தது. டாக்டர் வந்து சேருமுன் போய்விட்டது. சயனைடு என்றார். ரப்பர் இலையிலும் அது உண்டாம். இப்போது மரச்சீனி பிடுங்குகிற நாளில் முதல் வேலை, கயிற்றைப் பார்ப்பதுதான்.

தேரூர் வயல்:
காற்றாடி அண்ணாச்சி, கோபப்படக் கூடாது. காற்றைக் குறை சொல்லாதீங்க. எருமைக்கு மாட்டைவிட வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு. சேற்றில் கிடந்தால்தான் சூடு தணியும். தொட்டி எந்த மூலைக்கு? எங்கள் போத்து மத்தியானம் குளத்தில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறும், என் கதை அவ்வளவுதான்.
இனி வளர்ப்பவர்களுக்கு: வைக்கோலை கும்பப்பூ போக நெல் அறுப்பில் வாங்கி வையுங்கள். மாசி, பங்குனி வெயிலில் நன்றாகக் காய்ந்திருக்கும். கன்னிப்பூ போக வைக்கோல் மழையில் மாட்டினால் பூசணம்தான். மேற்கே இருப்பவர்கள் தொழுவத் தரையைச் சரிவாகப் போடுங்கள், மூத்திரம் தேங்கினால் குளம்பு அழுகும். குடற்புழு மருந்தை மறக்காதீங்க. தகரத்துக்கு மேலே தென்னை ஓலை பரப்புங்கள், உள்ளே சூடு குறையும்.

அருமனைக்காரி:
அண்ணே, தலைப்பில் கேட்டது அனுபவம். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழியில் ஓலை எப்படி நிற்கும்?

காற்றாடிக்காடு:
தேரூர் தம்பி, நிலத்தை ஒட்டிய பள்ளத்தில் எனக்கும் ஒரு குளம் இருந்தது. நான் குட்டி வாங்குவதற்கு முந்தின வருடம் அதில் யாரோ வாழை வைத்துவிட்டார்கள்.