குட்டிகளின் குடல் வளர்வதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கன்று வளர்ப்பவர்:
ஏறக்குறைய ஆறு வாரம் ஆன இரண்டு கன்றுகள், வெவ்வேறு காரணத்தால் இறந்தவை. பிரேதப் பரிசோதனை செய்த கால்நடை மருத்துவர் இரண்டின் ரூமனையும், அதாவது அசைபோடும் முதல் வயிற்றையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பால் மட்டுமே குடித்த கன்றின் உள்சுவர் வெளிறி மழமழவென்று இருந்தது. பாலோடு அடர்தீவனமும், அதாவது தானியக் கலவையும், கொறித்த கன்றுக்கு அதே சுவர் கறுத்துத் தடித்திருந்தது. கையுறை போட்ட விரலால் தடவினால் தேங்காய்ப்பூத் துண்டைத் தடவுவது போல நெருக்கமாகச் சிறுசிறு நீட்சிகள்.

கன்று பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் இருக்கும் ஒரு பள்ளம் மடிந்து குழாய் போல மூடிக்கொள்ளும். பால் ரூமனுக்குள் விழாமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். அதனால் ரூமனுக்கு வேலையே இல்லை. தானியம் உள்ளே போனால்தான் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட், புரோபியோனேட் என்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். நீட்சிகளை வளர வைப்பது அந்த அமிலங்கள்தான், முக்கியமாக பியூட்டிரேட். புல்லும் வைக்கோலும் வயிற்றை விரிக்கும், தசையை வலுவாக்கும். நீட்சி வளர்ச்சிக்கு அவ்வளவாக உதவாது. "புல் தின்னப் பழகினால் போதும், வயிறு தானாக வந்துவிடும்" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான்.

இன்னொன்று, தண்ணீர். பாலில் எவ்வளவு நீர் இருந்தாலும் அது ரூமனைத் தொடாது. தனியாகத் தண்ணீர் வைக்காவிட்டால் நுண்ணுயிரிகளுக்கு அங்கே பிழைப்பில்லை. தண்ணீர் வைக்காத கொட்டிலில் கன்றுகள் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

குஞ்சு வளர்ப்பவர்:
என் பக்கம் கதை முதல் இரண்டு நாளிலேயே முடிந்துவிடும். பொரிப்பகத்திலிருந்து தாமதமாக வந்து சேரும் குஞ்சுகளும் உயிரோடுதான் இருக்கும், வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கரு இருப்பதால். அதைக் காட்டித்தான் "பசிக்காது, கவலை வேண்டாம்" என்பார்கள். பசி வேறு, குடல் வேறு. முதல் வாரத்தில் சிறுகுடல் உடம்பைவிட வேகமாக வளரும். வாய் வழியாகத் தீவனம் போகாவிட்டால் குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள், குட்டையாகவே நிற்கும். இதில் வேடிக்கை, உடனே தீவனம் எடுத்த குஞ்சுதான் மஞ்சள் கருவையும் சீக்கிரம் கரைக்கிறது. தாமதமாக வந்த கூட்டம் வாரக் கடைசி எடையில் பின்தங்கும். பெரிதும் சிறிதுமாகக் கலந்தும் இருக்கும்.

பொரிப்பான் குஞ்சுக்குத் தாயின் எச்சத்தைக் கொத்தி அதிலுள்ள நுண்ணுயிரிகளைப் பெறும் வாய்ப்பே கிடையாது. 1973ல் பின்லாந்தில் நுர்மி, ரன்டலா என்ற ஆய்வாளர்கள் வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி அந்தக் குஞ்சுகளில் லேசில் ஒட்டவில்லை. இடத்தை முதலில் யார் பிடிப்பது என்பதுதான் விஷயம்.

புதிதாகச் சேர்ந்தவர்:
அப்படியானால் கடையில் விற்கும் புரோபயாட்டிக் (நல்ல நுண்ணுயிரி) பொடியைப் பிறந்த அன்றே கொடுத்தால் சரியாகிவிடுமா?

கால்நடை மருத்துவர்:
பொடி ஓடிப்போகாது. கன்றாக இருந்தால் முதலில் சீம்பால். தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போவதில்லை. பிறந்ததும் அந்தப் பெரிய மூலக்கூறுகளை அப்படியே உள்ளே விடும் குடல், மணிக்கு மணி இறுகி, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் மூடிவிடும். சீம்பாலில் குடல் செல்களைப் பெருக வைக்கும் வளர்ச்சிக் காரணிகளும் உண்டு. அதை அழுக்கு வாளியில் கறந்தால் பெருகும் பாக்டீரியா, புரதம் உறிஞ்சப்படுவதையே கெடுக்கும். பெரிய பண்ணைகளில் 60 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் வைத்துக் கொடுக்கிறார்கள்; பாக்டீரியா குறையும், புரதம் பெரும்பாலும் தப்பிக்கும். அதற்கு மேல் சூடாக்கினால் புரதமும் கெட்டு, சீம்பால் கெட்டியாகிவிடும்.

பன்றிப் பண்ணையில் வேலை பார்த்தவர்:
மூன்று, நான்கு வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கும்போது பன்றிக் குட்டி கழிவதைப் பார்த்தால் எல்லோரும் கிருமியைத்தான் திட்டுவார்கள். குட்டி அன்று என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை. புது இடம், புதுக் கூட்டம், காய்ந்த தீவனம். பல குட்டிகள் முதல் நாள் எதையுமே தொடாது. குடல் செல்கள் தங்களுக்கு வேண்டியதில் பெரும்பங்கைக் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்பவை. உணவு வராவிட்டால் ஓரிரு நாளில் உறிஞ்சிகள் குட்டையாகும். அப்புறம் தின்றது செரிக்காமல் கீழே போக, அங்கே ஈ.கோலை பாக்டீரியாவுக்கு விருந்து. நாங்கள் தீவனத்தைக் கஞ்சியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியபோது தட்டைத் தேடி வந்தன. துத்தநாக ஆக்சைடை மருந்தளவில் கலப்பதுதான் முன்பு சுலப வழி. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அதை நிறுத்திவிட்டது; மண்ணில் சேரும் துத்தநாகமும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்தான் காரணம்.

ஆய்வகத்தில் இருப்பவர்:
நுண்ணுயிரியே இல்லாமல் வளர்த்த எலியைத் திறந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் உள்ள சீக்கம் பை, வயிற்றையே அடைத்துக்கொண்டு ஊதியிருக்கும். சளியைச் சிதைக்க ஆள் இல்லாததால் நீர் தேங்கிவிடும். சிறுகுடல் சுவரோ மெலிதாக இருக்கும். 2002ல் வந்த ஓர் ஆய்வில் இந்த எலிகளின் குடலுறிஞ்சிக்குள் ரத்த நுண்குழாய் வலை பாதியில் நின்றிருந்தது தெரிந்தது. வளர்ந்த எலிக்குச் சாதாரண எலியின் நுண்ணுயிரிகளைக் கொடுத்ததும் பத்து நாளில் வலை முழுமையானது. தீவனம் ஒன்றுதான், நுண்ணுயிரி மட்டும்தான் வித்தியாசம்.

குதிரை பராமரிப்பவர்:
குட்டி தாயின் சாணத்தைத் தின்னும்போது புதிதாக வேலைக்கு வருபவர்கள் பதறி விரட்டுவார்கள். நான் விடச் சொல்வேன். முதல் இரண்டு வாரத்துக்குள் லேசாகக் கழிவதையும் தாய் சினைக்கு வரும் நேரத்தோடு முடிச்சுப் போட்டு, பாலில்தான் கோளாறு என்பார்கள். தாயில்லாமல் புட்டிப்பாலில் வளரும் குட்டிக்கும் அதே நாட்களில் அது வருகிறதே! பின்குடலில் நுண்ணுயிரிகள் குடியேறும் நேரம் அது. குட்டி சுறுசுறுப்பாகப் பால் குடித்தால் வாலைக் கழுவிவிடுவதோடு சரி. சோர்ந்து பால் மறுத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ மட்டும் மருத்துவரைக் கூப்பிடுவேன்.